நான் தொடங்கிய கம்பெனி மேல் நானே கேஸ் போடுவதா?

என்னை வேலையை விட்டு எடுத்த அன்று சாயங்காலமே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போகக் கூரியர் பையன் வந்துவிட்டான். "இங்க ஒரு சைன் போடுங்ணா" என்றான். போட்டேன். ஏழு வருட மெயில்கள் அதற்குள் இருந்தன என்பது, வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது.

2014இல் கோவை சரவணம்பட்டியில் மூன்று பேராக ஆரம்பித்த கம்பெனி. நூல் வரவிலிருந்து காஜா பட்டன் வரை எந்த லாட் எந்த ஜாப் ஒர்க்காரரிடம் நிற்கிறது என்று திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சொல்லும் மென்பொருள். 2019இல் வெளியூர் நிறுவனம் ஒன்று எங்கள் பங்குகளை வாங்கியது. பாதிப் பணம் உடனே, மீதி வருடாவருடம், அதுவும் நான் வேலையில் இருந்தால். 2021இல் பத்து நிமிட வீடியோ காலில் என்னை அனுப்பிவிட்டார்கள். அடுத்த தவணைக்கு நாற்பது நாள் பாக்கி.

கோபத்தோடுதான் கோவை கோபாலபுரத்தில் வக்கீல் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ராஜினாமா எழுதிக் குடுத்தீங்களா தம்பி?"

கேட்டார்கள், கொடுக்கவில்லை.

"அதாச்சும் பண்ணீங்களே" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழித்தார். அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டம் தொழிலாளிக்குத்தான். நிர்வாகத்தில் இருந்தவன் லேபர் கோர்ட் படி ஏற முடியாது. சிவில் கோர்ட்டுக்குப் போனாலும் தனியார் கம்பெனி வேலையைத் திரும்ப வாங்கித் தர மாட்டார்கள், கிடைத்தால் பணம்தான். தவணை விஷயம் பங்கு விற்ற ஒப்பந்தத்தில் வருகிறது. அதில் தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பு என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆர்பிட்ரேட்டர் ஃபீஸில் என் பங்கும் உண்டு.

நான் யோசித்தே பார்க்காதது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. 2019இலிருந்து கணக்குப் போட்டு, ஐந்து வருடம் ஆகவில்லை என்று கைவிரித்திருந்தார்கள். கைமாறியது பங்குகள், கம்பெனி அதேதான். சம்பளப் பட்டியலில் 2014 முதல் என் பெயர் இருக்கிறது. மேனேஜருக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். கோர்ட்டே வேண்டாம், தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தால் போதும் என்றார்.

"அவமானப்படுத்தினதுக்குங்க?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கேஸ் எப்போதும் நாம் போடுவதாகவே இருக்கும் என்றும் இல்லை. 1985இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியே வந்து புதுக் கம்பெனி தொடங்கியதும் ஆப்பிள்தான் அவர் மேல் வழக்குப் போட்டது. வெறும் சம்பளக்காரனை, வேலையை விட்ட பிறகு இதே தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் செல்லாது. ஆனால் தொழிலை நற்பெயரோடு சேர்த்து விற்றவனை அப்படித் தடுத்தால் செல்லும் என்று அதே பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது. அதாவது என்னை.

வீட்டில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பெரியப்பாவைத்தான் ஞாபகப்படுத்தினார். கோபி பக்கம் தோட்டத்துத் தடத்துக்காகப் பத்தொன்பது வருடம் கேஸ் நடத்தியவர் பெரியப்பா. தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்தது. அதற்குள் வண்டியும் இல்லை, மாடும் இல்லை.

பணிக்கொடைக்கு மனுக் கொடுத்தேன், தவணைக்கு நோட்டீஸ் விட்டேன். வேலையை விட்டு எடுத்ததற்கு வழக்குப் போடவில்லை. பணிக்கொடை முழுதாக வந்தது. தவணையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பேசி முடித்தோம். விட்டுக் கொடுத்துவிட்டேனோ என்று சில ராத்திரி இன்னமும் தோன்றும். ஆதாரம் கையில் இருந்திருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேனோ என்னவோ.

போன மாதம் திருப்பூரில் பழைய கஸ்டமர் ஒருவரின் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஸ்கிரீனில் "கொஞ்சம் பொறுங்க" என்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வாசகம் நான் எழுதியது. "டையிங் கணக்கு ரெண்டு தடவை ஏறுதுங்க, என்னன்னு பாருங்களேன்" என்றார்.

"அவங்க ஆபீசுக்கே போன் பண்ணிச் சொல்லுங்க" என்றேன். எந்த இடத்தில் பிழை என்று எனக்குத் தெரியும்.