எல்லவில் எல்லாமே டெக்னோவாம்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் இருக்கும் எல்ல டவுனில் ஒரு பார் வாசலில் ‘டெக்னோ நைட்’ என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். டெக்னோ என்பது மெஷின்களை வைத்துச் செய்யும் ஆட்ட இசையில் ஒரு வகை. உள்ளே போக ஆளுக்கு 2,500 ரூபாய். நள்ளிரவு வரைக்கும் நின்று கேட்டோம். ஓடியது முக்கால்வாசி ஹவுஸ், நடுவில் கொஞ்சம் டிரான்ஸ் (இரண்டும் அதே ஆட்ட இசையின் வேறு வகைகள்), கடைசியில் பழைய பாப் பாட்டுகளின் ரீமிக்ஸ். டெக்னோ என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் வேறு. மரக்கறிச் சாப்பாடு கேட்டவனுக்குக் கோழிப் புரியாணி வைத்துவிட்டு, எல்லாம் சோறுதானே என்று சொன்னால் விடுவோமா?

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு முடியும் என்று ஒழுங்காகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். சரி, முடிந்தவரை சொல்கிறேன். ரயிலில் சீட் கிடைக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் அதே டிக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு நீட்டினார். அந்தக் காசு எங்களிடம் இல்லை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் போகும் பதுளை பஸ்ஸில் ஏறினோம். ஸ்பீக்கர் எங்கள் தலைக்கு நேர் மேலே. பைலா, தமிழ்ப் பாட்டு, ஹிந்திப் பாட்டு எதுவாக இருந்தாலும் அடியில் ஒரே ‘டும் டும் டும் டும்’. பெரகலை ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறுகிறது, ஸ்பீக்கர் மட்டும் களைக்கவே இல்லை.

என்னோடு வந்தவன் சித்தியின் மகன். கல்யாண வீடுகளுக்கு டிஜே போடுகிறான். “அண்ணா, இதுதான் டெக்னோ பீட். ஜெர்மன்காரன் கண்டுபிடிச்சது” என்றான். சண்டை அங்கே தொடங்கியது.

எனக்கு இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. டெக்னோ பிறந்தது அமெரிக்காவின் டெட்ராய்ட்டில். ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் அந்த நகரத்துக்குப் பக்கத்திலுள்ள பெல்வில்லில் ஒன்றாகப் படித்த கறுப்பினப் பையன்கள். கார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த காலம். 1988இல் லண்டனில் வெளிவந்த ஒரு தொகுப்புதான் அந்த இசையை டெக்னோ என்ற பெயரோடு உலகத்துக்குக் கொண்டுபோனது. பெர்லின் சுவர் விழுந்தது 1989இல். அங்கே ட்ரெஸர் கிளப் திறந்தது 1991இல், திறந்ததும் டெட்ராய்ட்காரர்களைத்தான் கூப்பிட்டார்கள். வருடங்களைப் பார்த்தாலே விளங்கும்.

“அப்ப கிராஃப்ட்வெர்க்?” என்று மடக்கினான். நியாயமான கேள்வி. ஜெர்மனியின் டசல்டோர்ஃபில் உருவான அந்தக் குழுவின் மெஷின் சத்தத்தை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள்தான் டெட்ராய்ட் பையன்களும். ஆனால் அதோடு ஃபங்க் என்ற கறுப்பின ஆட்ட இசையைச் சேர்த்து ஆட வைத்தவர்கள் இவர்கள்.

ஹவுஸ் இன்னும் கொஞ்சம் மூத்தது. 1979 ஜூலை 12ஆம் திகதி சிக்காகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கோர்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். டிஸ்கோ செத்தது என்று கூத்தாடினார்கள். அதே நகரத்தில், கறுப்பின, லத்தீன் ஓரினக் காதலர்கள் கூடிய வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் அதே டிஸ்கோவை வெட்டி ஒட்டி வளர்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்துதான் ஹவுஸ் வந்தது. அதனால்தான் ஹவுஸில் தேவாலயப் பாட்டு மாதிரி ஒரு மனிதக் குரல் இருக்கும், இரண்டாம் நான்காம் அடியில் கைதட்டல் விழும், நிமிடத்துக்கு 120, 125 அடி. டெக்னோவில் பெரும்பாலும் குரலே இருக்காது. வேகமும் கூட, இறுக்கமும் கூட. கிக், அதாவது அந்த ‘டும்’, ஒரே மாதிரி விழுகிறது என்பதற்காக இரண்டையும் ஒன்று என்று சொல்வது சோம்பேறித்தனம்.

டிரான்ஸ் விஷயத்தில் தம்பி சொன்னது சரி. அது ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் 90களின் தொடக்கத்தில் உருவெடுத்தது. கோவா கடற்கரையில் இன்னொரு கிளை வளர்ந்தது. அவனுக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னேன்: 1982இலேயே பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர் ரோலண்ட் 808 டிரம் மெஷினையும் 303 பேஸ் மெஷினையும் வைத்து ராகங்களை வாசித்து ரெக்கோர்ட் போட்டுவிட்டார். அதே 303 சத்தத்தை வைத்துச் சிக்காகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற கிளை வந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து. அந்த ரெக்கோர்டை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அவரைப் பார்த்து இவர்கள் செய்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனாலும் கேட்டால் மயிர் கூச்செறிகிறது. தம்பி அப்படியே வாயடைத்துப் போனான்.

அப்புறம் அந்த பார். அதிலிருந்து வெளியே வந்தால் பஸ் இல்லை. பண்டாரவளைக்கு ஆட்டோக்காரர் 4,000 கேட்டார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்! சிங்களத்தில் பேசிப் பார்த்தேன், தமிழில் பேசிப் பார்த்தேன், மழையைக் காட்டினார். நடக்கத் தொடங்கினோம். பின்னாலேயே வந்து 2,500க்கு இறங்கினார். அதுவும் அநியாயம்தான். எல்லவில் இரவு தங்காதவர்கள் ஆட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பண்டாரவளையில் தங்கியது நண்பனின் தோட்டத்து வீட்டில். காலையில் அவன் அம்மா சுட்டுத் தந்த தடித்த கோதுமை மா ரொட்டியும், அம்மியில் அரைத்த கட்டச்சம்பலும், உருளைக்கிழங்குப் பிரட்டலும், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும்! எல்லவில் வெள்ளைக்காரர்களுக்கு அவக்காடோ பாண் விற்கும் கடைகளெல்லாம் இதன் முன்னால் நிற்க முடியாது. நான் கணக்கு வைக்காமல் சாப்பிட்டேன்.

நண்பனின் அப்பா தப்பு என்ற பறை வாசிப்பவர். எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய்த் தப்பை எடுத்து வந்தார். காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, இரண்டு குச்சியால் தட்டத் தொடங்கினார். காமன் கூத்துக்கு ஒரு அடி. சாமி புறப்பாட்டுக்கு ஒரு அடி. சாவு வீட்டுக்கு ஒன்று. அவருடைய தாத்தா விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, கூப்பிட அடித்த அடியும் தெரிந்து வைத்திருக்கிறார். “எல்லாம் தப்புதான் தம்பி. அதுக்காக சாவுக்கு அடிக்கிறத கல்யாணத்துக்கு அடிச்சா சும்மா விடுவாங்களா?” என்றார். நான் பஸ்ஸில் பல மணித்தியாலம் தொண்டை கிழியச் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

தம்பி உடனே ஃபோனை எடுத்து ரெக்கோர்ட் பண்ணினான். டிரம் அண்ட் பேஸ் என்ற ஆட்ட இசை வகையில் செய்யும் ஒரு டிராக்குக்குள் வைக்கப் போகிறானாம். அதற்கு இது பொருந்தும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நிமிடத்துக்கு 170 அடிக்குக் கிட்ட ஓடும் அந்த வகையில் கிக் ஒரே சீராக விழாது, உடைந்து உடைந்துதான் வரும். ஆனால் நான் அவனை நிறுத்தி ஒரு கதை சொன்னேன். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ரெக்கோர்ட் ஒன்றில் கிரகரி கோல்மன் ஒரு சில விநாடி தனியாக டிரம் வாசித்தார். 90களில் இங்கிலாந்தில் டிரம் அண்ட் பேஸும் அதற்கு மூத்த ஜங்கிள் இசையும் எழும்பி நின்றது பெரும்பாலும் அந்தத் துண்டை வெட்டி வெட்டி ஒட்டித்தான். ஆயிரக்கணக்கான டிராக்குகளில் அது இருக்கிறது. கோல்மனுக்கு அதில் ஒரு சதம் கிடைக்கவில்லை. 2006இல், இருக்க வீடுகூட இல்லாத நிலையில் இறந்துபோனார்.

இங்கேயும் அதே கதைதான். சாவு வீட்டில் இரவு முழுக்க வாசித்தவருக்குச் சாராயமும் சில்லறையும் கொடுத்து அனுப்பிய ஊர்கள் இவை. பார்க்காரன் 2,500 வாங்கலாம், தப்புக்காரர் கேட்டால் மட்டும் கூடுதலாம்.

ஐயா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கையிலிருந்ததில் பஸ் காசை எடுத்து வைத்துவிட்டு 5,000 ரூபாயைக் கொடுத்தோம். ஃபைலுக்கு ஐயாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் சேர்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். அங்கேயே, அவர் முன்னாலேயே ஃபோனில் அடித்துக் காட்டினான்.

ஏசி பஸ்ஸுக்குக் காசு போதவில்லை. திரும்பி வந்தது சாதாரண பஸ்ஸில், பலாங்கொடை வரை நின்றுகொண்டு. டிரான்ஸில் கோவாவுக்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.