கில்ட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் உடுத்தும், மடிப்பு வைத்த பாவாடைதான் கில்ட். அதன் விலை முழுக்க அதன் முதுகில் இருக்கிறது. முன்னால் தட்டையாகத் தெரியும் பகுதியை ஏப்ரன் என்கிறார்கள். 50 பவுண்டு கில்ட்டிலும் 500 பவுண்டு கில்ட்டிலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். கடைகளில் ஹேங்கரில் மாட்டிவைப்பதும் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான். அதனால் கில்ட் வாங்கப் போகிறவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: நிறத்தைப் பார்க்கும் முன் அதைத் திருப்பிப் போடுங்கள்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குடியேறிய பிறகு கல்யாணம், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸைக் கொண்டாடும் ஜனவரி 25 பர்ன்ஸ் இரவு, அலுவலகத்தின் கேய்லி என்ற கூட்டு நடனம் என்று ஏதாவது ஒன்றுக்கு கில்ட் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுத்தேன். ஜாக்கெட், முன்னால் தொங்கவிடும் ஸ்போரன் என்ற பை, ஷூ எல்லாம் சேர்த்து 100 பவுண்டு அளவில் போய்விடும். மறுநாளே திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். சொந்தமாக ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றியது. கில்ட்டுக்கு மட்டும் 150 பவுண்டு, அதற்கு மேல் இல்லை என்று வீட்டில் ஒப்பந்தம்.

அந்தப் பணத்துக்குப் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழைத் துணி. எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் நடந்தால் கடைக்குக் கடை அவைதான் தொங்கும். அவற்றை நான் கேலி செய்யவில்லை. சுற்றுலா வந்தவர் ஒரு புகைப்படத்துக்குப் போட்டுக்கொள்ள அது போதும். ஆனால் நாலு வருடம் உடுத்த வேண்டும் என்றால் லேபிளைப் படியுங்கள். துணியில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று பிரிட்டனில் விற்கும் உடையில் போட்டே ஆக வேண்டும். "ஸ்காட்லாந்தில் வடிவமைக்கப்பட்டது" என்ற வாசகம் எங்கே தைக்கப்பட்டது என்பதைச் சொல்லாது, சாமர்த்தியமான வாசகம். துணியின் மறுபக்கத்தையும் பாருங்கள். நெய்த டார்டன், அதாவது கில்ட்டின் கட்டம் போட்ட துணி, இரண்டு பக்கமும் ஒரே அழுத்தமாக இருக்கும், சாய்வான நெசவுக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். மறுபக்கம் வெளிறியிருந்தால் அது அச்சடித்த துணி.

கம்பளியில் எடைதான் பேச்சு. ஒரு கெஜத் துணி எத்தனை அவுன்ஸ் என்பது கணக்கு. 10, 11 அவுன்ஸ் என்றால் லேசு ரகம், 13 நடுத்தரம், 16 கனம். துணி இரட்டை அகலத்தில் நெய்யப்படுகிறது. கில்ட் தைப்பவர் 4 கெஜம் வாங்கி நீளவாக்கில் நடுவே வெட்டி, இரண்டு துண்டையும் ஒட்டி 8 கெஜமாக்குகிறார். ஒட்டு ஏதாவது ஒரு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். கனமான துணியில் தைத்தால் கில்ட் 2 கிலோவை நெருங்கும். முதன்முதலில் கையில் வாங்கும்போது இவ்வளவு கனமா என்று தோன்றும். அந்தக் கனம் இருந்தால்தான் மடிப்பு நேராக விழும். நடனத்தில் சுழன்று நின்றதும் தானாகவே பழைய இடத்துக்கு வரும். அக்ரிலிக் சுழலும், ஆனால் திரும்பி வராது. காலில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இனி முதுகு. டார்டனில் கட்டங்களின் முழு வடிவம் ஒருமுறை வந்து முடியும் அளவுக்கு செட் என்று பெயர். நல்ல கில்ட்டில் ஒரு மடிப்பு ஏறத்தாழ ஒரு முழு செட்டை விழுங்கிவிடும். வெளியே தெரிவது ஒரு அங்குலம் அல்லது அதற்கும் குறைவு, மிச்சமெல்லாம் உள்ளே. ஒரு மடிப்பைப் பிடித்து விரித்துப் பாருங்கள். விரல் கணுக்கள் முழுதும் உள்ளே போனால் நல்லது. நகக்கண் அளவோடு நின்றுவிட்டால் துணியில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். 5 கெஜத்தில் தைத்த சாதாரண ரகங்களும் உண்டு. அதை 5 கெஜம் என்று சொல்லி விற்றால் அதில் தப்பே இல்லை, கோடையில் வசதிகூட.

மடிப்புகள் இடுப்பிலிருந்து பின்புறத்தின் அகலமான இடம் வரை தைத்து மூடப்பட்டிருக்கும். இதற்கு ஃபெல் என்று பெயர். நான் அதிக நேரம் செலவழித்தது இந்த ஒரு சாண் உயரத்தில்தான். குறுக்குக் கோடுகள் மடிப்பிலிருந்து மடிப்புக்கு உடையாமல் ஒரே நேர்கோட்டில் போக வேண்டும். மேலே வரவர ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக வேண்டும், ஏனென்றால் இடுப்பு சிறியது. மலிவான கில்ட்டில் இந்தக் குறுக்கலைச் செய்யாமல் மேலிருந்து கீழே ஒரே அகலத்தில் மடித்து மெஷினில் ஒரு அடி அடித்துவிடுவார்கள். அப்படிப்பட்டது இடுப்பில் நிற்காது, கீழேயும் விரிந்துகொண்டு நிற்கும். கோடுகள் பின்பக்கத்திலும் முன்பக்கம் போலவே முழுக் கட்டமாகச் சேர்கின்றனவா, அல்லது ராணுவப் பாணியில் ஒரே பட்டை மடிப்புக்கு மடிப்பு வருகிறதா என்பது விருப்பம்தான். இரண்டுமே சரி. எதிலும் சேராமல் கலைந்து கிடந்தால்தான் கீழே வைத்துவிட வேண்டும்.

உட்பக்கத்தைப் புரட்டினால் லைனிங்குக்கு அடியில் விறைப்பான கேன்வாஸ் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கில்ட்டை இடுப்பில் இறுக்கும் வார்களின் இழுப்பைத் தாங்குவது அதுதான். வார் தோலா, ரெக்சினா என்று வளைத்துப் பாருங்கள், போதும்.

கீழ் ஓரத்தை நம்மூர் ஆட்கள் கவனிப்பதே இல்லை. கம்பளி கில்ட்டில் கீழே மடித்து ஓரம் அடிக்க மாட்டார்கள். நெசவின் கரையே கில்ட்டின் கீழ் விளிம்பு. அங்கே மடித்துத் தைத்த தையல் இருந்தால் பெரும்பாலும் மலிவுத் துணி, அல்லது யாரோ பின்னால் குட்டையாக்கியது. இதிலிருந்து இன்னொன்றும் புரியும்: இடுப்பு சற்று முன்னே பின்னே இருந்தால் பக்கிளை நகர்த்தி வைத்துவிடலாம், ஆனால் நீளத்தை இறக்கித் தர உள்ளே துணியே கிடையாது. நீளம் சரியில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நான் கடைசியில் வாங்கியது வாடகைக்கு ஓடி ஓய்ந்த ஒரு கில்ட். வாடகைக் கடைகள் பழைய இருப்பை அவ்வப்போது தள்ளிவிடுகின்றன. 13 அவுன்ஸ் கம்பளி, பிளாக் வாட்ச் டார்டன், 90 பவுண்டு. பிளாக் வாட்சில் குலம் கோத்திரம் கேட்பவர் இல்லை, யார் வேண்டுமானாலும் உடுத்தலாம். அளவெடுத்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் ஜீன்ஸ் 34 என்றதும் சிரித்துவிட்டு, "அதை மறந்திடு தம்பி, தொப்புளுக்கு நேரா அளக்கணும்" என்று டேப்பைச் சுற்றினார். 37 வந்தது. "இப்ப மண்டி போடு." மண்டியிட்டபோது கீழ் விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதுதான் சரியான நீளமாம், நின்றால் முட்டியின் நடுவுக்கு வரும்.

பழைய கம்பளிக்கு ஒரே எதிரி பூச்சி. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மடிப்பு மடிப்பாகப் பாருங்கள். ஏப்ரனில் ஓட்டை என்றால் வேண்டாம். மடிப்பின் அடியில் ஒன்று என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். நான் கேட்டேன், 10 பவுண்டு குறைத்தார்கள். லேபிள் தேய்ந்து போயிருந்தால், வாங்கி வந்தபின் ஏப்ரனின் வலது ஓரத்துக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு அணைந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகி உருண்டையாகக் கெட்டிப்படும்.

கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த பாலி விஸ்கோஸ் இருக்கிறது. அக்ரிலிக்கோடு அதைச் சேர்க்காதீர்கள். வீட்டு மெஷினில் துவைக்கலாம், மடிப்பும் நிற்கும், மழையில் நனைந்தால் சீக்கிரம் காயும். கிளாஸ்கோ மழையைப் பார்த்தவர்கள் இதைச் சாதாரணமாக நினைக்க மாட்டார்கள்.

மிச்ச சாமான்களை அவசரமாக வாங்க வேண்டாம். ஸ்போரனும் முழங்கால் வரை வரும் காலுறையும் பெல்ட்டும் பழைய பொருள் விற்கும் அறக்கட்டளைக் கடைகளில் கிடைக்கும். கில்ட்டின் ஓரத்தில் குத்தும் பின் ஊசியை வெளி ஏப்ரனில் மட்டும் குத்துங்கள், அடியில் இருக்கும் ஏப்ரனையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும். காலுறையில் செருகும் ஸ்கியன் டூ என்ற சின்னக் கத்திக்கு, தேசிய உடையின் பகுதி என்பதால் சட்டம் இடம் கொடுக்கிறது. விமானத்தில் கைப்பையில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளே என்ன போடுகிறீர்கள் என்ற கேள்விக்கு நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

ஊருக்குப் போகும்போது கில்ட்டை மடித்துப் பெட்டியில் வைத்தால் மடிப்புகளெல்லாம் போய்விடும். மடிப்புகளை நேராக்கி, நீளவாக்கில் பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, பழைய நைலான் ஸ்டாக்கிங்கின் ஒரு காலுக்குள் செருகிவிடுங்கள். கில்ட் உடுத்தி பேக்பைப் வாசிக்கும் பைப் பேண்டுக்காரர்கள் செய்வதும் இதுதான். ஸ்டாக்கிங் வாங்க நான் கடைக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் அளவு என்ன என்று கேட்டார். எதற்கு என்று விளக்கியதும் ஆகப் பெரிய அளவையே எடுத்துக் கொடுத்தார்.