நோர்ட்லிங்கனில் பதிவு முடித்த கதை: ஒரே பள்ளம், இரண்டு மாநிலம்

ஆலன் ரயில் நிலையத்தில் தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கியபடி, வந்த வழியே திரும்பும் ரயிலுக்குக் காத்து நின்றது இன்னும் மனதில் ஆறவில்லை. அரை நாள் லீவும் டிக்கெட் காசும் போனதுதான் மிச்சம். ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் இருக்கிற நோர்ட்லிங்கனுக்கோ அக்கம்பக்கத்து ஊர்களுக்கோ வேலை கிடைத்து வருகிறவர்கள் இப்படி அலையக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் பதிவு, அதாவது ஆன்மெல்டுங். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது தெரிந்ததுதான். என்னை இழுத்தடித்தது வீட்டுக்காரர் தர வேண்டிய ஒரே ஒரு தாள், வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங், அதாவது நாம் அவர் வீட்டில் குடிவந்தோம் என்ற உறுதிச் சான்று. வாடகை ஒப்பந்தமே போதும் என்று அவர் அடித்துச் சொன்னார். போதாது. 2015 நவம்பரிலிருந்து இந்தத் தாள் கட்டாயம். இன்று நாளை என்று ஒன்பது நாள் ஓடிவிட்டது. கடைசியில் நானே படிவத்தை இணையத்தில் எடுத்து நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் நீட்டினேன். போட்டுக் கொடுத்துவிட்டார். சாவி வாங்கும் அன்றே இதைச் செய்துவிடுங்கள். அப்புறம் பதிவு பத்து நிமிடத்தில் முடிந்தது.

அடுத்தது குடியிருப்பு அனுமதி. என்னோடு வேலை செய்யும் நண்பர் மேற்கே பக்கத்து ஊரான பொப்ஃபிங்கனில் இருக்கிறார். "ஆலன்ல இருக்கிற மாவட்ட ஆபீஸுக்குப் போங்க, எனக்கு அங்கதான் முடிஞ்சுது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் விசாரிக்காமல் போனேன். என் முகவரியைப் பார்த்ததுமே, நீங்கள் பவேரியா, இது பாடன்-வூர்ட்டம்பெர்க், இங்கே எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி.

இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊர் எப்படி வேறு மாநிலம் ஆனது என்று அன்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளத்துக்குள் இருக்கிறது நோர்ட்லிங்கன். ரீஸ் என்று பெயர், குறுக்களவு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். எரிமலைப் பள்ளம் என்றே நெடுநாள் நம்பியிருந்தார்கள். 1960இல்தான் பாறைகளை ஆராய்ந்து விண்கல் என்று உறுதி செய்தார்கள். நிலவுக்குப் போகும் முன் அப்பல்லோ 14 விண்வெளி வீரர்கள் 1970இல் இங்கே வந்து பாறைகளைப் பார்த்துப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். இதே பள்ளத்தின் மேற்கு விளிம்பில் இருக்கிறது பொப்ஃபிங்கன். இரண்டுமே எந்த இளவரசருக்கும் அடங்காமல் நேராகப் புனித ரோமப் பேரரசருக்குக் கீழ் இருந்த நகரங்கள். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இரண்டுமே பவேரியாவுக்குப் போயின. 1810இல் எல்லையை மாற்றிப் போட்டபோது பொப்ஃபிங்கன் வூர்ட்டம்பெர்க் பக்கம் போய்விட்டது. என் அரை நாளைத் தின்றது அந்தக் கோடுதான்.

சரி, பவேரியா என்றால் நம் ஊரிலேயே முடியும் என்று நினைத்தேன். 1382 முதல் ஒரே கட்டடத்தில் நகர மன்றம் நடக்கிற ஊர், சுற்றிலும் 2.7 கிலோமீட்டர் மதில், ஐந்து வாயில். அப்படிப்பட்ட ஊரில் இதற்கு ஓர் அலுவலகம் இருக்காதா? இல்லை. தனி மாவட்டத்துக்கு நிகராக இருந்த தகுதியை 1972 சீரமைப்பில் நோர்ட்லிங்கன் இழந்துவிட்டது. இப்போது டோனாவ்-ரீஸ் மாவட்டம், தலைமையிடம் டோனாவ்வோர்த். ரயிலில் அரை மணி நேரம். இந்தத் தடவை முன்கூட்டியே நேரம் வாங்கி, எல்லாத் தாளுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போனேன். ஒரே நடையில் முடிந்தது. ஜெர்மனியில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும், அது எந்த மாவட்டத்தில், எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். பக்கத்து ஊர்க்காரர் அனுபவம் உங்களுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, இது நம்மவர்களுக்கு முக்கியம். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். தபால் பெட்டியில் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். அவருக்கு வந்த வரி எண் கடிதம் திரும்பிப் போய்விட்டது. வேலையில் சேர வேண்டிய நேரத்தில் மறுபடி எழுதிக் கேட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தோம். வீட்டில் எத்தனை பேரோ, அத்தனை பேர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் பெட்டியில் ஒட்டுங்கள்.

குடியிருப்பு அனுமதி அட்டை கைக்கு வந்த வார ஞாயிற்றுக்கிழமை மூவரும் தேவாலயத்தின் டானியல் கோபுரத்தில் ஏறினோம். 90 மீட்டர் உயரம், 350 படி. மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் பள்ளத்தின் விளிம்பு மேடாகத் தெரிகிறது. மேற்கே உச்சி தட்டையாக இப்ஃப் குன்று. அதன் அடிவாரத்தில்தான் பொப்ஃபிங்கன். "அங்கதான் மாமா வீடு" என்று மகளுக்குக் காட்டினேன்.