யாரால் வர இயலாது?

எங்கள் குழுவை ஆண்டுக்கு ஒருமுறை வெளியூருக்கு அழைத்துச் செல்லும் ஆஃப்சைட் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்தது. சென்ற ஆண்டு சனி, ஞாயிறு இரு நாள்களும் கடற்கரை விடுதி ஒன்றில் நடந்த ஆஃப்சைட்டுக்கு 28 பேரில் 17 பேரே வந்தார்கள். வராதவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்பதை அப்போது எவரும் கவனிக்கவில்லை. ஆகவே, ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, எந்தக் காரணத்தால் வர இயலாமல் போகக்கூடும் என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

ஒருவருக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. இன்னொருவர் தம் தந்தையைச் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்பவர். வியாழக்கிழமை மட்டும் தம்பி பார்த்துக்கொள்வார் என்றார். மலைப்பாதையில் வாந்தி வரும் என்று மூவர் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மிகுந்த தயக்கத்துக்குப் பிறகு, சென்ற முறை ஆளுக்கு 2,000 ரூபாய் பங்கு கேட்டதாலேயே தாம் காய்ச்சல் என்று பொய் சொல்ல நேர்ந்தது என்றார். அந்தப் பேச்சுக்குப் பின், இம்முறை எவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது என்று மேலாளரிடம் உறுதியாகச் சொன்னேன். அவரும் உடனே ஒப்புக்கொண்டார்.

அந்தத் தாளே நாளையும் ஊரையும் முடிவு செய்தது என்று சொல்ல வேண்டும். வியாழனும் வெள்ளியும் அலுவலக நாள்கள் என்பதால் எவருடைய ஞாயிற்றுக்கிழமையும் பறிபோகாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அதைப் பெறுவது கடினமன்று என்றாலும், சென்னையிலிருந்து இரண்டு நாளுக்குள் போய்த் திரும்ப அவை தொலைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு 20தான், சேலத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் மேலே சென்றுவிடலாம். ஆகவே ஏற்காட்டையே தேர்ந்தெடுத்தோம். காலையில் சென்ட்ரலில் கோவை எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியத்துக்கு முன்பே சேலம். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் பதிய இயலாது என்பதாலும், முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கும் என்பதாலும், அது திறந்த காலையில் நால்வர் ஒரே நேரத்தில் அமர்ந்து பதிவு செய்தோம். கைக்குழந்தையின் தாய், தம் அம்மாவையும் உடன் அழைத்து வந்தார். அவர்களுக்குத் தரைத்தளத்தில் அறை ஒதுக்கியிருந்தோம்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் வைத்தோம்: இரவுப் பணிச் சுழற்சி. சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகளுக்கு நடுவே அமர்ந்து மூன்று மணி நேரம் பேசியதில், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் எவருக்கும் பணி ஒதுக்குவதில்லை என்றும், அதற்கடுத்த பகல் முழு விடுப்பு என்றும் முடிவாயிற்று. அலுவலகத்தில் ஓராண்டாக மின்னஞ்சல்களிலேயே இழுத்துக்கொண்டிருந்த விஷயம் அது. மாலையில் நிகழ்ச்சி எதுவும் இல்லை. சிலர் ஏரிக்குச் சென்றார்கள், சிலர் உறங்கினார்கள். கட்டாய விளையாட்டுகளை நீக்கியதற்காக என்னிடம் நன்றி சொன்னவர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

திரும்பும் ரயில் சென்ட்ரலை அடையும்போது ஏறத்தாழ இரவு 11 மணி ஆகிவிடும். எனவே, விடுதி அறைகளுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே, வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கும் வண்டிகளை உறுதி செய்தோம்.

இம்முறை 26 பேர் வந்தார்கள். வராத இருவரிடமும் திங்களன்று பேசினேன். ஒருவருக்குத் தங்கையின் நிச்சயதார்த்தம். மற்றவர், இன்னொருவருடன் ஓர் அறையில் தங்கினால் தமக்கு உறக்கமே வராது என்றும், அதைச் சொல்லத் தயங்கியே ஒதுங்கிவிட்டதாகவும் கூறினார். அறையைப் பகிர்வது பற்றி நான் எவரிடமும் கேட்டிருக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கான தாளில் அதை முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.