ஹிங்குராணைக் கரும்புக் காட்டில் ஜானகி அம்மாள்

மட்டக்களப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் கல்லடிப் பாலம், கோட்டை, பாசிக்குடா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் இந்த முறை அம்பாறைப் பக்கம், ஹிங்குராணைக்குப் போயே ஆக வேண்டும் என்று வந்தேன். காரணம் கரும்பு. இன்னும் சரியாகச் சொன்னால், கரும்பின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே பல வருடம் கழித்த தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள்.

கல்லடியில் அக்கா வீடு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பெறாமகளையும் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் வெளிக்கிட்டேன். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை என்று கடற்கரை ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும், ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கல்முனை வரை அலுக்கவே அலுக்காது. கல்முனையில் ஓட்டோ பிடித்தோம். ஓட்டுநர் சம்மாந்துறைக்காரர், நல்ல மனிதர், சிங்களமும் சரளமாகப் பேசுவார், அது பிறகு பெரிய உதவியாகப் போயிற்று. கார்த்திகை மாதம் என்பதால் சம்மாந்துறை வயல்களில் நாற்று இளம் பச்சையாக நின்றது. அம்பாறை நகரம் தாண்டியதும் வயல் குறைந்து கரும்பு தொடங்குகிறது, கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தோடு வந்த கரும்பு. சீனித் தொழிற்சாலை இடையில் பல வருடம் மூடிக்கிடந்து மறுபடி ஓடுகிறது.

வாய்க்கால் ஓரத்தில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஒரு பக்கம் கரும்பு, எதிர்ப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்த நாணல். நான் பார்க்க வந்தது இந்த இரண்டையும்தான், அவை இப்படி எதிரும் புதிருமாக நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. தோட்டத்தில் நின்ற வயதான விவசாயி சிங்களத்தில் ஏதோ கேட்டார். "கரும்பைப் பற்றிப் படிக்க வந்த பிள்ளைகளாம்" என்று ஓட்டோ நானா சொன்னதும் ஒரு கரும்பை வெட்டித் துண்டாக்கி எங்கள் கையில் தந்தார். அவருடைய அப்பா காலத்தில் நட்டதெல்லாம் 'கோ 775' என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் 'கோ' என்று தொடங்கும் வகைகள் எல்லாம் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பிறந்தவை. 1934 முதல் 1939 வரை ஜானகி அம்மாள் வேலை செய்த இடம் அது.

கோ 775 அவர் உருவாக்கியது என்று சொல்ல வரவில்லை. நல்ல தடித்த இனிப்புக் கரும்பு வரட்சிக்கும் நோய்க்கும் தாக்குப்பிடிக்காது, நாணலில் இனிப்பு இல்லை ஆனால் எதையும் தாங்கும், இரண்டையும் சேர்த்தால் என்ன என்று அந்த நிலையத்தில் 1912 இலிருந்தே முயன்றுகொண்டிருந்தார்கள். அப்படிச் சேர்க்கும்போது உயிரணுவுக்குள் என்ன நடக்கிறது, எந்தப் பெற்றோரிடமிருந்து பரம்பரைப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம் எத்தனை பிள்ளைக்குப் போகிறது என்று தேடியவர் ஜானகி அம்மாள். கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலந்து பார்த்தார்! பெறாமகள் கரும்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணுவுக்கு மேலே ஒரு மொட்டு, அதே உயரத்தில் தண்டைச் சுற்றி வரிசை வரிசையாகப் புள்ளிகள். மண்ணில் புதைத்தால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வேர் வரும் என்று விவசாயி விரலால் தொட்டுக் காட்டினார்.

"சின்னம்மா, இவவின்ர பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள். அது எனக்குக் கவலையாகவே இருந்தது. ஓட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். 1897 இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, உதவித்தொகையில் மிச்சிகன் போய், 1931 இல் தாவரவியலில் ஆய்வுப் பட்டம் வாங்கியவர். கோயம்புத்தூரில் பெண் என்பதற்காகவும் சாதிக்காகவும் பட்டது கொஞ்சமல்ல. 1939 இல் எடின்பரோவுக்கு மாநாட்டுக்குப் போனவர் போர் மூண்டதும் இங்கிலாந்திலேயே தங்கி, 1945 இல் ஆங்கிலேய உயிரியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். 1951 இல் நேரு அழைத்து இந்தியா திரும்பினார். எண்பது வயதுக்குக் கிட்டேயும் சும்மா இருக்கவில்லை, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்க இருந்த நீர்மின் திட்டத்தை எதிர்த்து நின்றார். 1984 பெப்ரவரியில் இறந்தார், அதே வருடம் நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவும் செய்த ஒருவரின் பெயர், அவர் உழைத்த இடத்துக் கரும்பு விளைந்த மண்ணில் உயிரியல் படிக்கும் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

களுவாஞ்சிக்குடி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் அக்காவின் மாமி வாசலிலேயே நின்றார். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர், கார்த்திகையில் கொஞ்சம் காற்றடித்தாலே அவருக்கு மனம் பதறும். கூரை போனது, தென்னைகள் வரிசையாக விழுந்தது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு இந்திய வானிலை விஞ்ஞானி அன்னா மாணியின் ஞாபகம் வந்தது. அவரும் மாநிலக் கல்லூரிதான். சி.வி. ராமனின் ஆய்வுகூடத்தில் ஐந்து கட்டுரை எழுதியும், முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். அவர் அதோடு ஒதுங்கவில்லை. வானிலைத் துறையில் சேர்ந்து, மழைமானி, காற்றழுத்தமானி என்று கிட்டத்தட்ட நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி இந்தியாவிலேயே செய்ய வைத்தார். கருவி பிழையாகக் காட்டினால் எச்சரிக்கையும் பிழைக்கும். மாமிக்கு இதைச் சொன்னேன். "அந்தப் பிள்ளைக்குக் கோடி புண்ணியம்" என்றார்.

பெறாமகள் அதற்குள் கரும்புத் துண்டைக் குசினிக்குப் பின்னால் ஈர மணலில் புதைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வெங்காய வேர் நுனியை நசுக்கி, சாயமேற்றிக் குரோமோசோம் பார்க்கிறார்களாம், அதையே கரும்பு வேரில் செய்து பார்க்கலாமா என்று ஆசிரியையிடம் கேட்கப் போகிறாள். வெங்காயத்தில் 16 தான், எண்ணிவிடலாம், இந்தக் கலப்புக் கரும்பில் நூறுக்கு மேல் என்றேன். "எண்ணிப் பார்ப்பம் சின்னம்மா" என்றாள்.