கொம்பு முன்னுக்கா, பின்னுக்கா: ரத்லாம்காரர் ஒருவரின் எழுத்துப் பாடு

இந்த முறையும் மலருக்கு வந்த ஆக்கங்களில் பல பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்தான் வந்திருக்கின்றன. குற்றம் சொல்ல முடியாது. அரிவரியில் 'முதல் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு அரவு' என்று எழுதப் பழகிய கை எங்களுடையது. பாமினி அந்தக் கையை அப்படியே கூட்டிக்கொண்டு போகும். ஆங்கில விசைப்பலகையில் என், எஃப், எச் என்று மூன்று தட்டுத் தட்டினால் 'கொ' வந்து நிற்கும். வாசிப்பவருக்கு அது 'கொ'. கணினிக்கு அது வெறும் மூன்று ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அம்மா 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' ஆகிவிடுவாள்.

மலர்க்குழுவில் இருந்த எல்லாருக்கும் இந்தத் தலையிடி தெரியும். இதே தலையிடியோடு எங்களைவிடப் பெரிய அளவில் மல்லுக்கட்டிய இந்தி எழுத்தாளர் ஒருவரை எங்கள் ஆட்களில் அதிகம் பேர் அறியமாட்டார்கள். அவரைப் பற்றியும், அவர் கைவைத்த வேலை எப்படிப்பட்டது என்பதைப் பற்றியும் இந்த மலரில் நாலு பக்கம் இருக்கட்டும்.

இயற்பெயர் ரவிசங்கர் ஸ்ரீவாஸ்தவ். எழுத்துலகில் ரவி ரத்லாமி. ரத்லாம் மத்தியப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில், டில்லி – மும்பை ரயில் பாதையில் உள்ள ஒரு சந்தி. கடலை மாவில் கராம்பும் மிளகும் போட்டுப் பிழியும் காரச் சேவ், அதாவது எங்கள் ஓமப்பொடியின் தடித்த அண்ணன், அந்த ஊர்ப் பெயரில்தான் இந்தியா முழுக்க விற்பனையாகிறது. நீர்வை, காரை என்று நாங்கள் ஊரைப் பெயருக்கு முன்னால் வைப்போம். அவர்கள் பின்னால் வைக்கிறார்கள்.

ஆனால் அவருடைய பிறந்த ஊர் ரத்லாம் அல்ல, ராஜ்நாந்த்காவ். 2000 நவம்பரில் சத்தீஸ்கர் தனி மாநிலமானபோது அந்த ஊர் அங்கே போய்விட்டது. நவீன இந்திக் கவிதையின் பெரிய பெயர்களில் ஒருவரான முக்திபோத் தன் கடைசி வருடங்களில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஊரும் அதுதான். ரவி ரத்லாமி போனதோ மின்சாரத்துக்கு. மத்தியப் பிரதேச மின்வாரியத்தில் நீண்ட காலம் தொழில்நுட்ப வேலை. பிறகு விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டு முழு நேரமும் இந்தியும் கணினியுமாக இருந்துவிட்டார். இணையத்தில் இந்தி எழுத்து காலூன்றாத 2004 வாக்கிலேயே எழுதத் தொடங்கியவர். அன்றாடக் குறிப்புகளுக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் 'தெறிப்புகளும் சாரல்களும்' என்று சொல்லலாம். அரசியல், அலுவலகம், மின்வெட்டு, புது மென்பொருள் எல்லாம் அதற்குள் வரும்.

அவருடைய நகைச்சுவைக் கவிதைகளை முதலில் சொல்லி முடித்துவிடலாம். கஸல் வடிவத்தை எடுத்து, காதலுக்குப் பதில் கிண்டலைப் போட்டு, 'வ்யங்க்ய' என்ற சொல்லையும் 'கஸல்' என்ற சொல்லையும் ஒட்டி 'வ்யஞ்ஸல்' என்று பெயர் வைத்தார். ஈரடி ஈரடியாகப் போகும். முதல் ஈரடியில் இரண்டு அடியின் கடைசியிலும் ஒரே சொல் வரும், அதற்கு முந்திய சொல் எதுகைபோல் ஒலிக்கும். அடுத்த ஈரடிகளில் இரண்டாம் அடி மட்டும் அதைத் திருப்பிச் சொல்லும். வடிவத்தில் கண்டிப்பும் பொருளில் குறும்பும் சேர்ந்த விளையாட்டு. அன்றைய செய்தியைத் தொட்டு எழுதியவை என்பதால் செய்தி பழசானதும் சில வாடிவிட்டன. வாடாமல் நிற்பது அவருடைய மற்ற வேலை.

இந்தியில் கிருதிதேவ் என்றொரு எழுத்துரு. எங்களுக்குப் பாமினி எப்படியோ, வட இந்தியக் கந்தோர்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் அது அப்படி. ரெமிங்டன் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பை அப்படியே ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்தியது. 'ஹிந்தி' என்று எழுத எஃப், ஜி, பெரிய யூ, என், எச் என்று தட்ட வேண்டும். முதலில் வரும் எஃப் இகரக் குறி. இந்தி எழுதும் தேவநாகரி எழுத்துமுறையில் இகரக் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், ஒலிக்கும்போது எழுத்துக்குப் பின்னால் வரும். எங்கள் கொம்பின் கதையேதான்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீடான யுனிகோட் இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. தேவநாகரிக்கு 128 இடம், தமிழுக்கு 128 இடம். இரண்டும் இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி குறியீட்டை அடியொற்றி வந்தவை. அதில் ஒலிக்கும் வரிசைதான் சட்டம்: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. குறியை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது திரையில் வரையும் மென்பொருளின் பொறுப்பு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த வரையும் பகுதி பூட்டிக் கிடந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார, மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் சரி போட்டு, இறுவட்டைச் செருகி, கணினியை மறுபடி இயக்க வேண்டும். அதைச் செய்யாதவர்களின் திரையில் இந்தியின் இகரக் குறி எழுத்துக்குப் பின்னால் தொங்கும், எங்கள் கொம்பும் அப்படியே. 'யுனிகோட் பிழை' என்று அந்த நாளில் பலர் முறைப்பட்டது இதைத்தான்.

ரத்லாமி 'ரச்னாகார்' என்ற இணைய இலக்கிய இதழை நடத்தினார். சிறு நகரங்களிலிருந்து எழுதுபவர்கள் கைக்கு வந்த எழுத்துருவில் அனுப்புவார்கள். அவற்றை யுனிகோடாக மாற்றிப் போடுவது ஆசிரியர் வேலையில் பாதி. வெளியிலிருந்து பார்த்தால் பொத்தானை அழுத்தும் வேலைபோல இருக்கும். உள்ளே நடப்பது வேறு.

முதலில் எந்த எழுத்துரு என்று தெரிய வேண்டும். கிருதிதேவ், சாணக்யா, சுஷா ஒவ்வொன்றுக்கும் விசை வேறு. மின்னஞ்சலில் வெறும் எழுத்தாக ஒட்டினால் எழுத்துருவின் பெயர் உதிர்ந்துவிடும், ஆங்கிலக் குப்பை மட்டும் கையில் மிஞ்சும். அடுத்தது துண்டுகளை ஒட்டுவது. கிருதிதேவில் 'த' வர்க்கத்தின் இரண்டாம் எழுத்து முழுசாக வராது. அரை வடிவம் பெரிய எஃப்பில், நிமிர்ந்த கோடு கேயில். அதே கே, தனியே வந்தால் நெடில் ஆகாரக் குறி. ஆகவே ஒட்டு எழுத்துகளை முதலில் மாற்றிவிட்டுத்தான் தனிக் கேயைத் தொட வேண்டும். மாறிச் செய்தால் மெய்யின் தலையில் ஆகாரம் ஏறி எழுத்து உடையும்.

பிறகுதான் இகரக் குறி. 'ஸ்திதி' என்ற சொல்லுக்குத் தட்டுவது எஃப், பெரிய எல், பெரிய எஃப், கே, எஃப், ஆர். முதல் எஃப் ஒரு எழுத்தை மட்டும் தாண்டினால் 'ஸ்'இல் போய் ஏறிவிடும். அரை ஸகரத்தையும் அடுத்த முழு எழுத்தையும் சேர்த்துத் தாண்டினால்தான் சரியான இடம். கடைசியில் மேலே கொக்கிபோல வரும் ரகரம். 'தர்ம' என்று எழுதும்போது அதைக் கடைசியாகத் தட்டுவார்கள், யுனிகோடில் அது மகரத்துக்கு முன்னால் போக வேண்டும். இகரம் வலப்பக்கம் நகர, ரகரம் இடப்பக்கம் நகரும். இரண்டும் ஒரே சொல்லில் வந்தால் எதை முதலில் நகர்த்துவது என்பதிலேயே பல மாற்றிகள், அதாவது எழுத்துருவை யுனிகோடாக்கும் மென்பொருள்கள், சறுக்கின. எங்களுக்கு இந்தக் கொக்கி ரகரம் இல்லை. அதற்கு ஔவைப் பாட்டிக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை, எங்கள் பிழை எங்களுக்குத் தனியாக இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

அவருடைய பெரிய உழைப்பு, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் குனோம், கேடிஈ, எக்ஸ்எஃப்சிஈ மேசைத்தளங்களை, அதாவது திரையில் தெரியும் பட்டிகளையும் சாளரங்களையும், இந்தி மொழிக்குக் கொண்டுவந்தது. இந்த மொழிபெயர்ப்புக் கோப்பில் ஆங்கில வரி ஒன்று இருக்கும், அதன் கீழே வெறுமையான மேற்கோள் குறி. நிரப்பிக்கொண்டே போக வேண்டும். கதை கிடையாது, முன்பின் கிடையாது. 'ஓப்பன்' என்று ஒற்றை ஆங்கிலச் சொல் வந்தால் அது 'திற' என்ற கட்டளையா, 'திறந்திருக்கிறது' என்ற நிலையா என்று ஊகிக்க வேண்டும்.

எண்கள் வரும் வரி அதைவிடப் பொல்லாதது. 'பத்தில் மூன்று' என்பதை ஆங்கிலம் மூன்றை முன்னே வைத்துச் சொல்லும். இந்தியும் தமிழும் பத்தை முன்னே வைக்கும். கேடிஈயில் எண் வந்து உட்காரும் இடங்களை %1, %2 என்று இலக்கமிட்டிருப்பதால் இடம் மாற்றிப் போட்டால் போதும். குனோமில் இலக்கமில்லாத குறிகளாக இரண்டு வரும். இலக்கம் போடாமல் சொல்லை மட்டும் இடம் மாற்றினால் 'மூன்றில் பத்து' என்று திரையில் வரும். ஒரு குறி எண்ணுக்கும் மற்றது எழுத்துக்கும் உரியதாக இருந்தால் அவ்வளவோடு போகாது, நிரலே விழுந்துவிடும். தொகுக்கும்போது சரிபார்க்கும் கட்டளை இந்தப் பிழையைப் பிடிக்கும். 'மூன்றில் பத்து' போன்ற கருத்துப் பிழையை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும்.

சொல் தெரிவுக்கு ஒன்று காட்டலாம். கோப்பைச் சேமிப்பதற்கு இந்திப் பட்டிகளில் 'சஹேஜேன்' என்று இருக்கும். தானியத்தையோ நகையையோ பத்திரமாக எடுத்துவைப்பதற்கு வீட்டில் புழங்கும் வினை அது. சமஸ்கிருதத்தில் ஒரு சொல்லைக் கட்டி இறக்கியிருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மரியாதை வடிவத்தையும் கவனியுங்கள்: 'சேமியுங்கள்'. எங்கள் பட்டி 'சேமி' என்று அதட்டும்.

இந்தி முடிந்த கையோடு சத்தீஸ்கரிக்கும் போனார். 2011 குடிசன மதிப்பீட்டில் 1 கோடியே 62 இலட்சம் பேர் தாய்மொழி என்று சொன்ன மொழி அது. ஆனால் கணக்கில் இந்தியின் கீழ்தான் அடங்குகிறது. கேடிஈயின் மொழிப் பட்டியலில் அதற்கு எச்.என்.ஈ என்ற தனிக் குறி உண்டு. பள்ளிப் பாடநூல் நடை உறுதியாகாத ஒரு மொழிக்கு, வயலிலும் சந்தையிலும் பேசும் சொல்லை எடுத்துப் பட்டி எழுதுவதென்றால், ஒவ்வொரு சொல்லும் ஒரு இலக்கிய முடிவு. அவருடைய கவிதையைவிட இதுதான் பெரிய எழுத்து என்பது என் கட்சி.

இனி எங்கள் பிழை. பாமினியில் கொம்பு, ககரம், ளகரம் என்று தட்டினால் 'கௌ' போலவும் இருக்கும், 'கெள' போலவும் இருக்கும். மாற்றிக்கு இரண்டும் ஒன்று. அதனால் கௌரி அக்கா 'கெளரி' ஆகிவிடுவார். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படமாட்டார். கட்டுரைக்கு நடுவில் ஆங்கிலப் பெயர் இருந்தால் அதுவும் தமிழ் எழுத்தாக மாறிக் குழம்பும். ஆகவே பாமினியில் அனுப்புகிறவர்கள் மூலக் கோப்போடு அச்சுப் பிரதியின் படம் ஒன்றையும் இணைத்துவிடுங்கள். மாற்றிய பிறகு கொம்புக்குப் பின் ளகரம் வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, மௌனம், பௌர்ணமி, கௌரவம் மூன்றையும் கையால் திருத்துவோம். பெயர்ப் பட்டியலை மட்டும் நீங்களே ஒருமுறை பார்த்து அனுப்புங்கள்.