ஹெரால்டின் தகரமும் பெயின்ட்டும்

எங்கள் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் தகர வேலை ஒருவழியாக முடிந்திருக்கிறது. இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி வடிவமைத்து, 1961 முதல் சென்னையில் தயாரான இந்தக் காருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. பாடியின் பகுதிகள் அதன்மேல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருப்பதால், துருப்பிடித்ததை மட்டும் கழற்றிச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஷிம் எனப்படும் மெல்லிய இடைத்தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் கதவிடுக்குகளைச் சமப்படுத்திய பிறகே பெயின்ட்டுக்குப் போக வேண்டும். இல்லையெனில், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அந்தப் பெரிய பானெட், கதவின் ஓரத்தில் உரசிப் புதுப் பூச்சைப் பெயர்த்துவிடும்.

கதவின் அடிப்பகுதியில் காந்தம் ஒட்டவே இல்லை. சுரண்டிப் பார்த்தால் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி, விரல் பருமனுக்கு. அதற்குப் பின்னால் தகரம் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அழுகிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தோம். பிரைமரின் மேல் கறுப்புப் பெயின்ட்டை லேசாகத் தூவிவிட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்கும்போது, பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கி, கண்ணுக்குத் தெரியாத நெளிவுகளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மழைக்கால ஈரக்காற்றில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் வெள்ளை பூத்துவிடும் என்பதால், வெயில் வரும்வரை காத்திருந்துதான் அடித்தோம்.

சீட்டுகளுக்குத் தோலைவிட ரெக்சினே பொருத்தம் என்பது என் கட்சி. பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே அளவாக வைத்துக் குஷன் கடைக்காரர் இப்போது புதியதை வெட்டிக்கொண்டிருக்கிறார்.